பழைய கிராமபோனுக்குப் பாலிஷ் போடும் முன்

பரணிலிருந்து தாத்தா காலத்து கிராமபோன் கீழே இறங்கியதுமே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், "பாலிஷ்காரரைக் கூப்பிட்டுட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்று. தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள். எங்கள் வீட்டு எச்.எம்.வி. மேஜை கிராமபோனுக்கு அப்படித்தான் நடந்தது. நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பெட்டி முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே மெலமைன் பாலிஷும் அடித்தாகிவிட்டது. மூடியின் உள்பக்கம் இருந்த எச்.எம்.வி. சின்னமான நாய் படம் மரத்தூளோடு போய்விட்டது. பெட்டி இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறது, ஆனால் அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார், ஸ்பிரிங், சவுண்ட் பாக்ஸ் (ஊசி மாட்டும் தலை) ரப்பர் இதையெல்லாம் தாராளமாகப் பழுது பாருங்கள். கிரீஸ் காய்ந்து போகும், ரப்பர் கல்லாகும், மாற்றினால்தான் பாடும். மேல்பூச்சு அப்படியில்லை. ஒரு முறை சுரண்டிவிட்டால் அடுத்து வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறொரு பூச்சுதான்.

முதல் வேலை, பெட்டியின் மேல் இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது. 1920களின் நடுப்பகுதி வரை வந்த மரப்பெட்டிகளில் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு, அதாவது ஷெல்லாக், அல்லது ஏதாவது ஒரு வார்னிஷ் இருக்கும். அதற்கப்புறம் நைட்ரோசெல்லுலோஸ் (சுருக்கமாக என்.சி.) லாக்கர் பரவலாக வந்துவிட்டது. சோதிப்பது எளிது. பெட்டியின் அடியிலோ பின்பக்கத்திலோ கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஆகி பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு மட்டும் கரைந்தால் லாக்கர். இரண்டுக்குமே அசையவில்லையா, அது வார்னிஷ் அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) மாதிரி ஒன்று. (78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளிலும் இதே அவலரக்குதான் இருக்கிறது. ஆகவே ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கும் முன் தட்டுகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.)

அடுத்தது சுத்தம் செய்வது. பெரும்பாலான பெட்டிகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நம் வீடுகளில் கறுப்பாகத் தெரிவது பூச்சு கெட்டுப்போனதல்ல, அறுபது எழுபது வருட விளக்குப் புகையும் கைப்பிசுக்கும், யாரோ பளபளப்புக்காகத் தடவிய தேங்காய் எண்ணெயில் ஒட்டிய தூசியும்தான். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பிறகு துணியில் கொஞ்சம் டர்பன்டைன் எடுத்து, ஒரு சமயத்துக்கு உள்ளங்கை அளவு இடம் மட்டும் துடைத்து, துணியில் என்ன வருகிறது என்று பாருங்கள். அழுக்கு வந்தால் தொடரலாம், மரத்தின் செம்பழுப்பு நிறமே வர ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். மிச்சம் இருந்தால் இரண்டு சொட்டு லேசான சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து, அந்த நொடியே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஷெல்லாக் மேல் தண்ணீர் நின்றால் வெள்ளை படியும். ஸ்பிரேயில் வரும் சிலிக்கோன் பாலிஷ்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள், பின்னால் எந்தப் பூச்சு போட்டாலும் அது மீன் கண் மாதிரிக் குழிகுழியாகத் திரண்டு நிற்கும்.

நாய் படம் இருக்கும் இடத்தை இந்த எதிலுமே தொட வேண்டாம். பிரான்சிஸ் பராட் வரைந்த அந்த ஓவியத்தை கிராமபோன் கம்பெனி 1899-ல் வாங்கியது. பெட்டியில் இருப்பது அதன் மெல்லிய ஒட்டுப்படம். அதற்கு அடியிலோ மேலிலோ ஷெல்லாக் இருந்தால் ஒரு சொட்டு ஸ்பிரிட் போதும், தங்க எழுத்துகள் கழன்று வந்துவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி. புதிதாக அச்சிட்ட நகல் படங்கள் கிடைக்கின்றன, ஆனால் சேகரிப்பவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுத்தம் செய்து, மெழுகுகூடப் போடாமல், இரண்டு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் தேய்ந்திருக்கும், மூடியைத் தூக்கும் இடத்தில் விரல் பட்டு நிறம் போயிருக்கும். அது யாரோ தினமும் சாவி கொடுத்துப் பாட்டுக் கேட்டதன் அடையாளம், அதை அழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்புறம் நல்ல மெழுகுப் பாலிஷ் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, துணியால் தேய்த்து விட்டால் போதும்.

நடுவாந்திரமான நிலை ஒன்று இருக்கிறது. பூச்சு இருக்கும், ஆனால் முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கும். அது ஷெல்லாக் என்று சோதனையில் தெரிந்திருந்தால், அகலமான மென் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டை எடுத்து ஒரே போக்கில் தடவினால் பழைய பூச்சே இளகி, வெடிப்புகள் சேர்ந்துகொள்ளும். பலகை படுக்கையாக இருக்க வேண்டும், போன இடத்தில் திரும்பத் தேய்க்கக் கூடாது, முதலில் பின்பக்கத்தில் பழகிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்து மொத்தமும் பால் நிறமாகிவிடும். ஸ்பிரிட், தின்னர் எல்லாம் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பு பக்கத்தில் இல்லாமல் வேலை பாருங்கள்.

முழுதாகச் சுரண்டிப் புதுப்பிப்பது எப்போது சரி? மழையில் நனைந்து பூச்சு உரிந்து வெறும் மரம் தெரிகிறது, அல்லது முன்பே யாரோ எனாமல் பெயின்ட்டோ மெலமைனோ அடித்துவிட்டார்கள் என்றால் சரி, காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை. அப்போதும் உப்புத்தாள் வேண்டாம். பல பெட்டிகளில் மேலே இருப்பது நகத்தளவு கனம்கூட இல்லாத வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. நாலு இழுப்பில் ஓட்டை விழும். பெயின்ட் ரிமூவர் தடவி, மரச்சீவலாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ வழித்தெடுங்கள். வெனீர் தூக்கியிருந்தால் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) வைத்து ஒட்டுங்கள், பழைய ஆட்கள் ஒட்டியதும் அதில்தான். சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், பின்னால் வருபவர் திரும்பப் பிரிக்கலாம்.

மேலே போடுவதும் ஷெல்லாக்தான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அதே துணியில் பஞ்சைப் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிய பூச்சாகப் பல தடவை போட வேண்டும், நாலு நாள் ஆகும், ஆகட்டும். பாட்டிலில் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேலான கரைசலைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, காயாமல் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். ஓக் பெட்டிக்குப் பட்டி போட்டு நிரப்ப வேண்டாம், அதன் துளைகள் தெரிவதுதான் அழகு.

உலோகத்துக்கும் இதே பொறுமை வேண்டும். நிக்கல் முலாம் மெல்லியது, விலையுயர்ந்த மாடல்களில் இருக்கும் தங்க முலாம் அதைவிட மெல்லியது. பித்தளைப் பாலிஷ் போட்டால் முலாமே போய் அடியில் பித்தளை தெரியும். பூ வரைந்த பழைய ஹாரன்களை, அதாவது பாட்டு வெளியே வரும் புனல் குழாய்களை, சுரண்டிப் பளபளப்பாக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, தூளைச் சுவாசித்தால் உடம்புக்கும் கெடுதல். 1931-ல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரி சூட்கேஸ் மாடல்களில் மரம் வெளியே தெரியாது, கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, தேய்ந்த ஓரங்களில் கறுப்பு ஷூ பாலிஷ் லேசாகத் தொட்டாலே பிரமாதமாகிவிடும்.

கடைவீதியில் புதுப் பித்தளை ஹாரனும் பளிச்சென்ற நாய் லேபிளும் ஒட்டி விற்கிறார்களே, சூட்கேஸ் மாடலின் மோட்டாரைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டியது, அதற்கு இந்தக் கவலை எதுவும் தேவையில்லை. அதில் காப்பாற்றப் பழைய பூச்சே கிடையாது.

எது செய்தாலும், முன்னும் பின்னும் படம் எடுத்து, என்ன பூசினீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போர்த்தினால் போதும்.