முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் அப்பாமார் விடும் பிழைகள்

முதல் பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் திருகோணமலைப் பக்கத்து ஆண்கள் தமக்கு இரண்டே வேலைதான் என்று நினைத்துக்கொள்வார்கள்: காசு சேர்ப்பது, நோவு வந்த அன்று ஓட்டோ பிடிப்பது. மிச்சத்தை மாமி பார்ப்பா, மிட்வைஃப் பார்ப்பா. நானும் அப்படித்தான் இருந்தேன். கீழே வரும் பிழைகளில் பாதி நான் விட்டவை.

கிளினிக் கார்டிலிருந்து தொடங்குகிறேன். அது மனைவியின் கார்ட், நமக்கு அதில் என்ன என்று நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எட்டாம் மாதம் ஒரு இரவு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், கார்ட் உப்புவெளியில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள். மனைவியோ மூதூரில் தாய் வீட்டிலிருந்து வந்தவர். இரத்த வகை என்ன, பிரஷர் கடைசியாக எவ்வளவு என்று கேட்டார்கள். மனைவி நோவோடு பதில் சொல்ல, நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அன்று ஒன்றும் ஆகவில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அந்த வெட்கம் போகவில்லை.

இரத்த வகையை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. மனைவி நெகட்டிவ், நீங்கள் பொசிட்டிவ் என்றால் பிள்ளையும் பொசிட்டிவாகப் பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்டி-டி ஊசி போடவேண்டும். அது இந்தப் பிள்ளைக்காக அல்ல, அடுத்த பிள்ளைக்காக.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். போகட்டும். ஆனால் போகும்போது இந்தப் பக்கத்து மிட்வைஃபிடமும் அந்தப் பக்கத்து மிட்வைஃபிடமும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாவிட்டால் இங்கே அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார், அங்கே இப்படி ஒரு பிள்ளைத்தாச்சி வந்திருப்பது யாருக்கும் தெரியாது.

அப்புறம் பாதை. அப்பாமார் காலத்தில் மூதூரிலிருந்து நோவோடு லோஞ்சில் ஏற்றிக் கடலைத் தாண்டித்தான் டவுனுக்கு வந்தார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயம் குறைந்தது. குறைந்ததனால்தான் நாம் திட்டமே போடுவதில்லை. "சினேகிதன் ஓட்டோ வைத்திருக்கிறான்" என்பது திட்டம் அல்ல. அவன் அன்றைக்குக் கந்தளாயில் ஒரு கல்யாண வீட்டில் நிற்பான். இரண்டு வண்டிக்காரரின் நம்பரை எடுத்து வையுங்கள், 1990 என்ற அம்புலன்ஸ் நம்பரையும் மறக்காதீர்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம், முதலுதவி தெரிந்த ஆளும் அதிலேயே வருவார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பிள்ளை கார்த்திகை, மார்கழியில் என்றால் எந்த ரோட்டில் வெள்ளம் நிற்கும் என்றும் கேட்டு வையுங்கள்.

எப்போது போவது? இதில்தான் பெரிய பிழை நடக்கிறது. நோவு வந்தால்தான் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நோவே இல்லாமல் பன்னீர்க்குடம் உடைந்தாலும் போகவேண்டும். இரத்தம் பட்டாலும், பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைந்தாலும், தலையிடி கடுமையாகிக் கண் மங்கினாலும் உடனே போகவேண்டும். "விடியட்டும் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும், அது உங்கள் அம்மாவாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

கார்டில் எழுதிய தேதியை நம்பி லீவு போடுவது இன்னொன்று. அந்தத் தேதியிலேயே பிறப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பிள்ளைதான். எங்கள் பிள்ளை ஒன்பது நாள் முந்திக்கொண்டது. அரச உத்தியோகத்தருக்குத் தந்தை லீவு 3 நாள், என்னைப் போல் தனியாரிடம் வேலை செய்பவர்களுக்கு முதலாளியின் மனம்தான். ஒரு மாதம் முந்தியே பேசி வையுங்கள். கிடைக்கும் நாட்களை ஆஸ்பத்திரி விறாந்தையில் கழிக்காதீர்கள். அரச ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஆண்களைப் பெரும்பாலும் விடுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆள் தேவை.

இடையில் ஒரு ஆம்பிளை வேலையும் உண்டு: நுளம்பு. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பட்ட பாடு எங்களுக்கு மறக்காது. வயிற்றில் பிள்ளையோடு டெங்கு வந்தால் ஆபத்து இரட்டிப்பு. பீலி, பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகள் டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டும்.

இனி வீடு. முப்பத்தோராம் நாள் வரைக்கும் துடக்கு, பத்தியம், காயச்சரக்கு, பாற்சுறா வறை. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. பாற்சுறா வறையை நானும் நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் "தண்ணி குடித்தால் வயிறு போட்டுவிடும்" என்று பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீரை மறிப்பதும், பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவதும், முதலில் சுரக்கும் கடும்புப்பாலைப் பீய்ச்சி ஊற்றுவதும் வேறு கதை. தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது. கடும்புப்பால் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து மாதிரி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீரும் வேண்டாம்.

இதை மாமியோடு எப்படிப் பேசுவது? வாதாடுவதுதான் பிழை. தோற்றுப்போவீர்கள், மனைவியும் இடையில் நசிவார். பிரசவத்துக்குப் பிறகு முதல் 10 நாளில் மிட்வைஃப் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வருவார். அந்த நேரம் எப்படியாவது வீட்டில் இருங்கள். மாமி பக்கத்தில் நிற்கும்போதே, ஒன்றும் தெரியாத பிள்ளை போல், "மிஸ், இவ தண்ணி எவ்வளவு குடிக்கலாம்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட அடுத்த நாள் மாமியே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மனைவி முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலும் தானாகவே மாறும். இரண்டு கிழமை தாண்டியும் மாறாவிட்டால் அதை "வேஷம்" என்று சொல்லாமல் மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் பிறப்புப் பதிவு. மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும், பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம் செய்யவேண்டும். நீங்கள் சம்பூரில் இருந்தாலும் பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தால் டவுனில்தான். பெயரின் ஆங்கில எழுத்தை அங்கே போய் நின்று யோசிக்காதீர்கள். எங்கள் மகளின் பெயரில் வரும் "த"வுக்கு டீ மட்டுமா, டீயோடு எச்சுமா என்று அப்பாவும் மாமாவும் பதிவாளரின் மேசைக்கு முன்னால் தொடங்கினார்கள். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "முடிவெடுத்திட்டு வாங்கோ" என்றார்.