பச்சையா, நீலமா: மெசேஜ் குமிழி நிறத்தில் நாம் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கரையோரத்தில், கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்கு ஒரு ஐபோனாவது துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. அதே வீட்டில் மற்ற நாலு பேர் கையில் ஆண்ட்ராய்டு. இந்தக் கலப்பில்தான் குழப்பம். "நேத்து வரைக்கும் நீலமா போச்சு, இன்னைக்குப் பச்சையா போகுது. காக்கா என்னைப் பிளாக் பண்ணிட்டாரோ?" என்று கேட்காதவர் குறைவு. காக்கா என்றால் இங்கே அண்ணன். அநேகமாகக் காக்கா பிளாக் எல்லாம் பண்ணியிருக்க மாட்டார். அவர் போனில் நெட் தீர்ந்திருக்கும்.

நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: செய்தி எந்த வழியாகப் போனது என்பது. பாம்பனைத் தாண்ட ரயில் பாலமும் உண்டு, சாலைப் பாலமும் உண்டு. எதில் போனாலும் ராமேஸ்வரம்தான். ஐபோனில் நீலம் என்றால் ஐமெசேஜ். இணையம் வழியாக, ஆப்பிள் சர்வர் மூலம், ஆப்பிள் கருவியிலிருந்து ஆப்பிள் கருவிக்குப் போவது. 2011-ல் ஐஓஎஸ் 5-உடன் வந்தது. பச்சை என்றால் எஸ்எம்எஸ், எம்எம்எஸ், அல்லது 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-உடன் ஐபோனுக்கு வந்த, எஸ்எம்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ். ஆர்சிஎஸ்ஸும் இணையத்தில் போவதுதான், ஆனால் நிறம் பச்சையாகவே விடப்பட்டது. ஆகவே பச்சை என்றாலே பழைய எஸ்எம்எஸ் என்று எடுத்துக்கொள்வதும் இப்போது தப்புக் கணக்கு. எழுதும் பெட்டியில் மங்கலாகத் தெரியும் எழுத்தைப் பாருங்கள்: 'ஐமெசேஜ்', 'டெக்ஸ்ட் மெசேஜ் – எஸ்எம்எஸ்', 'டெக்ஸ்ட் மெசேஜ் – ஆர்சிஎஸ்' என்று அதுவே சொல்லிவிடும். அனுப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இன்னொன்று. நிறம் மாறுவது நீங்கள் அனுப்பிய குமிழிக்கு மட்டும். ஐபோனில் வந்த செய்தி எந்த வழியில் வந்தாலும் சாம்பல்தான். "எனக்கு வந்தது சாம்பலா இருக்கு, அவன் போன் கெட்டுப்போச்சா?" என்ற கேள்விக்கு இடமே இல்லை.

பச்சை வந்தால் பிளாக் என்று முடிவுகட்டுவது

எதிராளி போனில் நெட் இல்லை, போன் அணைந்திருக்கிறது, ஐமெசேஜை நிறுத்தி வைத்திருக்கிறார், ஆண்ட்ராய்டுக்கு மாறிவிட்டார், அல்லது உங்கள் பக்கம்தான் நெட் இல்லை. இத்தனை காரணங்கள் இருக்கின்றன. உண்மையில் ஐபோனில் ஒருவர் உங்களைத் தடுத்திருந்தால் செய்தி பெரும்பாலும் நீலமாகவே போகும். அடியில் 'டெலிவர்டு' என்ற சொல் மட்டும் வராது. ஆனால் அந்தச் சொல் வராததை வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. போன் அணைந்திருந்தாலும் அது வராது. ஆப்பிள் சர்வர் அப்படிப்பட்ட செய்தியை 30 நாள் வரை வைத்திருந்து, போன் நெட்டுக்கு வந்ததும் சேர்க்கும்.

எஸ்எம்எஸ்ஸில் 'டெலிவர்டு' என்பதே ஐபோனில் காட்டாது. பச்சைக் குமிழிக்கு அடியில் ஒன்றும் இல்லை என்பதால் போய்ச் சேரவில்லை என்று நாலு தடவை திரும்ப அனுப்பினால், அங்கே நாலும் போய் விழும்.

ஐபோன் நிறக் கணக்கை ஆண்ட்ராய்டில் போடுவது

கூகுள் மெசேஜஸில் கரு நீலம் ஆர்சிஎஸ், வெளிர் நீலம் எஸ்எம்எஸ். பச்சைக்கு அங்கே வேலையே இல்லை. அதோடு தீம், டார்க் மோடு எல்லாம் சேர்ந்து நிறத்தை மாற்றும். வேறு மெசேஜ் செயலி என்றால் நிறத்துக்குப் பொருளே இல்லாமலும் போகலாம். எனவே ஆண்ட்ராய்டில் நிறத்தை விடுங்கள், குறியைப் பாருங்கள். ஆர்சிஎஸ்ஸில் ஒரு டிக் என்றால் அனுப்பியாகிவிட்டது, இரண்டு டிக் என்றால் சேர்ந்துவிட்டது, இரண்டும் நிரம்பிய வட்டமானால் படித்துவிட்டார். அனுப்பும் பொத்தானில் சின்னப் பூட்டு தெரிந்தால் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட செய்தி. எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தப் பூட்டு கிடையாது. வங்கி விவரம், ஆதார் எண் போன்றவற்றை பூட்டு இல்லாத வழியில் அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியது பச்சையாகத் தெரிவது வெறும் அலங்காரம். அதையும் ஐபோன் பச்சையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர் எஸ்எம்எஸ்ஸை அணைத்து வைப்பது

இந்தக் கரையில் இதுதான் பெரிய தவறு. "பச்சையா போனா காசு போகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐபோனில் 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' என்ற பொத்தானை அணைத்து வைத்துவிடுகிறார்கள். மண்டபத்திலிருந்தோ மூக்கையூரிலிருந்தோ படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் கோடு குறையும். நெட் இழுக்காது, ஐமெசேஜ் மேலே நீலக் கோடாக ஊர்ந்துகொண்டே நிற்கும். கடைசியில் சிவப்பு ஆச்சரியக்குறியும் 'நாட் டெலிவர்டு' என்ற சொல்லும் வரும். எஸ்எம்எஸ்ஸுக்குத் தேவைப்படும் அலைவரிசை மிகச் சொற்பம் என்பதால், படம் ஒன்றுகூட இறங்காத இடத்திலும் அது பல நேரம் நழுவிப் போய்விடும். எப்போதும் போகும் என்ற உத்தரவாதம் இல்லை. டவர் அடியோடு விட்டுப்போன பிறகு எந்த நிறமும் உதவாது. அங்கே விஎச்எஃப் வாக்கிடாக்கிதான்.

செய்ய வேண்டியது: ஐஓஎஸ் 18 முதல் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெசேஜஸ் என்று போய் அந்தப் பொத்தானைப் போட்டு வையுங்கள். பழைய ஐஓஎஸ்ஸில் செட்டிங்ஸிலேயே மெசேஜஸ் இருக்கும். நீலத்தில் சிக்கி நிற்கும் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்தால் 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' என்று வரும். அதைத் தட்டினால் பச்சையாகப் போகும். ஆண்ட்ராய்டில் மெசேஜஸ் செட்டிங்ஸுக்குள் ஆர்சிஎஸ் சாட்ஸ் பகுதியில் தானாக எஸ்எம்எஸ்ஸாகத் திரும்ப அனுப்பும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வைக்கலாம். அப்படி வைத்தால் சில நேரம் ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேரும். அதனால் பாதகமில்லை.

தமிழில் எழுதும்போது நீளத்தைக் கவனிக்காமல் விடுவது

பச்சை வழியில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஆங்கில எழுத்தில் 160 இடம். தமிழ் யூனிகோடு எழுத்து ஒன்று கலந்தாலே அது 70 ஆகிவிடும். அதிலும் நாம் எண்ணும் எழுத்து வேறு, போன் எண்ணும் எழுத்து வேறு. 'கு' என்பது நமக்கு ஒன்று. போனுக்கு க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதால் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கிடையாது என்று மீனவர் சங்கத்திலிருந்து இப்படி ஒரு தகவல் போகிறது என்று வையுங்கள்: "பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏத்தியாச்சு. நாளைக்கு டோக்கன் கிடையாது." கண்ணுக்கு 32 எழுத்துதான். இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துப் போன் எண்ணினால் 68. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. மரியாதைக்கு முன்னால் "அண்ணே," என்று சேர்த்தால் 75. உடனே இரண்டு எஸ்எம்எஸ். துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டிலும் 67 இடம்தான், ஏனென்றால் துண்டுகளைச் சேர்த்துப் படிக்கும் குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய்விடும்.

இதே தகவலை 60 உறுப்பினருக்கு அனுப்பினால் முதல் வடிவத்தில் 60 எஸ்எம்எஸ், அண்ணே சேர்த்த வடிவத்தில் 120. பெரும்பாலான பிளான்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் இலவசம். மீதிக்குக் காசு பிடிக்கும், மெயின் பேலன்ஸ் இல்லாவிட்டால் கடைசி ஆட்களுக்குப் போகவே போகாது. அது யார் யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. கூண்டு ஏறிய நேரத்தில் அண்ணேயை விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டு எண்ணுக்குப் பச்சையாக அனுப்புவது

மேலே சொன்ன 100 உள்நாட்டுக்கு மட்டும். துபாய் எண்ணுக்குப் பச்சையில் போனால் அது ஐஎஸ்டி எஸ்எம்எஸ், தனிக் கட்டணம். நீலம் என்றால் நெட் செலவோடு சரி. எனவே வளைகுடா எண்ணுக்குப் பச்சை தெரிந்தால் நிறுத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' போட்டு வைத்திருக்கும் கடல்காரர் வீட்டில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நீலம் சிக்கினால் அது கேட்காமலே பச்சைக்கு மாறும்.

புது ஐபோனில் ஐமெசேஜைத் திறக்கும்போதும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. எண்ணைச் சரிபார்க்க, போன் நமக்குத் தெரியாமல் வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். மெயின் பேலன்ஸ் பூஜ்யம் என்றால் அது போகாது. 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்' என்று அப்படியே நிற்கும். போனில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகுமுன் பேலன்ஸைப் பாருங்கள், சிறு தொகை டாப்-அப் போட்டு ஐமெசேஜை அணைத்துத் திரும்ப இயக்குங்கள். 24 மணி நேரம் வரை எடுக்கலாம்.

தனுஷ்கோடியில் இன்னொரு சிக்கல். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். சர்வதேச ரோமிங் திறந்திருக்கும் சிம் என்றால், டேட்டா ரோமிங் அணைந்திருப்பதால் நீலம் நின்று பச்சை கிளம்பும், அந்தப் பச்சைக்கு ரோமிங் கட்டணம். நெட்வொர்க் செலக்‌ஷனில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். முகுந்தராயர் சத்திரம் தாண்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் ஆட்டோமேட்டிக்கை மறுபடி போட மறக்காதீர்கள்.

சிம் மாற்றியபின் பழைய பதிவை அப்படியே விடுவது

வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஊர் சிம்மைப் போட்டிருப்பார், ஐமெசேஜ் மட்டும் இன்னும் +971 எண்ணிலேயே பதிவாகி இருக்கும். அவர் அனுப்புவது பழைய எண்ணிலிருந்தே போய்ச் சேரும். மெசேஜஸ் செட்டிங்ஸில் 'சென்ட் அண்ட் ரிசீவ்' திறந்து +91 எண்ணுக்கு டிக் போடுங்கள். கீழே புது உரையாடலை எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்ற இடத்திலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஐபோனை விற்றுவிட்டு ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். பதிவை நீக்காமல் சிம்மைக் கழற்றினால், ஐபோன் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்புவது நீலமாகவே கிளம்பி, உங்கள் புது போனுக்கு வராமல் போகும். சிம்மை எடுப்பதற்கு முன் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். போன் ஏற்கெனவே கைமாறிவிட்டதா? ஆப்பிள் தளத்தில் ஐமெசேஜ் பதிவு நீக்கும் பக்கம் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை இட்டால் முடிந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து மாறுகிறவர் இதேபோல் ஆர்சிஎஸ்ஸை அணைக்க வேண்டும். கூகுள் மெசேஜஸ் தளத்திலும் அதற்கென்று ஒரு பக்கம் உண்டு.

நீலம் என்றால் நம்பகமானது என்று நினைப்பது

"உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் ஐமெசேஜில் வரும் மோசடி நாடு முழுக்கச் சுற்றியது. வெளிநாட்டு எண்ணிலிருந்தோ யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வரும். "ஒய் என்று பதில் போட்டுவிட்டு இணைப்பைத் திறங்கள்" என்று கேட்பான். தெரியாத ஆளின் இணைப்பை ஐபோன் முடக்கி வைத்திருக்கும், நீங்கள் பதில் போட்டால் அந்த முடக்கம் நீங்கிவிடும் என்பதுதான் சூது.

வங்கியும் அரசும் அனுப்பும் எஸ்எம்எஸ் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. எழுத்தால் ஆன தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் அதன் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் இருக்கும்: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிமாற்றத்துக்கு டி, அரசுக்கு ஜி. நிறத்தை விட்டு இதைப் பாருங்கள். இணைப்பைத் தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.