ஸ்கைஹாக் படத்தைப் பார்த்து ரகம் சொல்வது எப்படி?

அமெரிக்கக் கப்பல்களிலிருந்து பறந்த ஏ-4 ஸ்கைஹாக் தாக்குதல் விமானத்தின் பழைய படம் கிடைத்தால் பலரும் முதலில் முதுகுத் திமிலைத்தான் தேடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. மின்னணுக் கருவிகளுக்கான அந்தத் திமில் ஏ-4எஃப் ரகத்தோடு வந்தது. பிறகு பல ஏ-4இ விமானங்களுக்கும் அதைப் பொருத்தினார்கள். ஏ-4சி-யைப் புதுப்பித்து உருவாக்கிய ஏ-4எல்-லிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த ஏ-4ஜி, எஃப் வழி வந்தாலும் திமில் இல்லாதது.

எஞ்சினுக்குக் காற்று போகும் உள்வாயிலிருந்து தொடங்குங்கள். அது உடலோடு ஒட்டியிருந்தால் ஜே65 எஞ்சின் கொண்ட ஏ, பி, சி ரகங்களில் ஒன்று. நடுவே ஒரு தகடும் சிறு இடைவெளியும் தெரிந்தால் ஜே52 எஞ்சின் கொண்ட இ, அல்லது அதற்குப் பிந்தியது. உடலை உரசி மெதுவாக வரும் காற்று எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கவே இந்த இடைவெளி. அமெரிக்கக் கடற்படை விமானம் என்றால் அடிப்பக்கப் பைலான்களையும் (ஆயுதங்களையும் தொட்டிகளையும் தொங்கவிடும் தாங்கிகள்) எண்ணிப் பாருங்கள்: சி வரை 3, இ முதல் 5.

ஒட்டிய உள்வாய் என்றால் அடுத்து மூக்கு. வலப்பக்கம், பறக்கும்போதே எரிபொருள் வாங்கும் குழல் பி-யில்தான் வந்தது. பி-க்கு மூக்கு குட்டை. சி-க்கு ரேடாருக்காக நீட்டினார்கள். வால் சுக்கானில் விலா எலும்புகள் வெளியே துருத்தி நிற்பதும் பி முதல் காணும் அடையாளம். அதிர்வை அடக்க விமானத்தை வடிவமைத்த எட் ஹைன்மனின் குழு தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு அது. 1979-இல் உற்பத்தி முடியும்வரை மாறவேயில்லை. இந்த விமானத்தின் அழகே அந்தச் சிக்கனம்தான்.

வால் நுனி சதுரமாக வெட்டியதுபோல் இருந்து விமானி அறைக் கூண்டும் அகலமாக இருந்தால், மரீன் படையின் ஏ-4எம், அல்லது அதன் வழி வந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் தனித்தனிக் கூண்டு இருந்தால் சிங்கப்பூர். அது கப்பல் விமானம் அல்ல.

பின்னுடலில் ரகத்தின் பெயரும் ஆறு இலக்க எண்ணும் சிறிதாக எழுதியிருக்கும். பெரிதாக்கிப் படியுங்கள். 1962-க்கு முந்தைய படமானால் பெயர் வேறு: ஏ4டி-2 என்பது பி, ஏ4டி-2என் என்பது சி, ஏ4டி-5 என்பது இ. இதில் குழப்பம் வரக்கூடாது என்றுதான் புதிய வரிசையில் ஏ-4டி என்ற ரகமே வைக்கவில்லை.

மாதிரி விமானம் செய்பவர்களுக்கு ஒன்று: இறக்கையின் முன்விளிம்புத் தகடுகளுக்கு மோட்டார் கிடையாது. வேகமாகப் பறக்கும்போது காற்றழுத்தம் மூடும். நிறுத்தியதும் தம் எடையால் கீழே தொங்கும். நிற்கும் விமானத்தில் அவற்றை மூடி ஒட்டிவிடாதீர்கள். மடிப்பு மூட்டுக் கோட்டையும் வரையாதீர்கள்: 8.38 மீட்டர் இறக்கை மடிக்காமலே கப்பலின் லிஃப்டில் இறங்கியது.