வரையாடும் சோலைமந்தியும் பாக்கோணும்னா

பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு வாடகை வண்டி ஓட்டறேனுங்க. ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் "புலி தென்படுங்களா?"ன்னுதான் கேப்பாங்க. ஆனைமலை புலிகள் காப்பகத்துல புலி இருக்குது, ஆனா ரோட்டோரம் வந்து நிக்காது. வரையாடுங்கற காட்டு மலை ஆடு, சோலைமந்திங்கற சிங்கவால் குரங்கு, இந்த ரெண்டையும் மனசுல வச்சுட்டு வாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் ரெண்டும் கிடையாது.

வெடியாலயே ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிருங்க. பிளாஸ்டிக் கொண்டு போக விடமாட்டாங்க, தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்குங்க. மேல 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வர்ற குழந்தைக்கு ரெண்டு இட்லி போதும்.

ஒம்பதாவது வளைவுல இறங்கினா எல்லாரும் கீழ அணையைத்தான் போட்டோ எடுப்பாங்க. நீங்க அப்படியே திரும்பி மேல பாறையைப் பாருங்க. வரையாடு பாறை நிறத்துலயே இருக்கும், அசைஞ்சாத்தான் கண்ணுக்குப் படும். உடம்பு கருத்து, முதுகுல வெளுத்த திட்டு இருந்தா அது வயசான கிடா. சில நாள் ரோட்டோரச் சுவர் வரைக்கும் வந்து நிக்கும். அப்பவும் கிட்டப் போகாதீங்க, கை தட்டாதீங்க. குட்டியோட நிக்கற ஆடு மிரண்டு ஓடறதைப் பார்த்தா எனக்கு மனசு தாங்காது.

அட்டகட்டிக்கு மேல குளிர் தட்டும், காடு அடர்த்தியாகும். அப்புறம் தேயிலைத் தோட்டம். வால்பாறை ஊருக்கு முன்னாடி புதுத்தோட்டம் வரும், அங்க வண்டியை இருபதுக்குக் குறைச்சு ஓட்டச் சொல்லுங்க. ரோட்டுக்கு மேல ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குப் பாலம் மாதிரி பட்டை கட்டியிருக்கும். சோலைமந்தி அதுலதான் ரோட்டைக் கடக்கும். கருப்பு உடம்பு, மூஞ்சியைச் சுத்திச் சாம்பல் பிடரி, வால் நுனியில குஞ்சம். பிடரி சாம்பலா இல்லாம, குஞ்சமும் இல்லாம நீள வாலோட இருந்தா அது கருமந்திங்கற வேற குரங்கு.

இங்க ஒண்ணு கண்டிப்பாச் சொல்றேன்: ஒரு பிஸ்கட்கூடப் போடாதீங்க. "பசிக்குது பாவம்"னு தோணும். பழம், கொட்டை, பூச்சின்னு அதுக்கு வேணுங்கறது மரத்துமேலயே இருக்குது. சிப்ஸ் ருசி கண்டா பாலத்தை விட்டுட்டு ரோட்டுல இறங்கி உக்காரும், அடுத்து வர்ற வண்டியில அடிபடும். நீங்க போட்டதுதான் அதைக் கீழ இறக்குது. வண்டிக்குள்ள சாப்பிட்டாலும் கண்ணாடியை ஏத்திட்டுச் சாப்பிடுங்க.

வால்பாறையில தங்கறதா இருந்தா எஸ்டேட் ரோட்டுல பொழுது சாஞ்சப்புறம் நடக்காதீங்க. சில இடத்துல கம்பத்துல சிவப்பு லைட் வச்சிருப்பாங்க. அது எரிஞ்சா பக்கத்துல யானை நிக்குதுன்னு அர்த்தம், வந்த வழியே திரும்பிருங்க.

அன்னிக்கே திரும்பறவங்க இருட்டறதுக்குள்ள கீழ இறங்கிருங்க. ரெண்டாவது கியர்லயே இறங்கோணும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க.