வாடகை வீட்டுக் குடும்பத்தை எரிக்சனின் எட்டு நிலைகளைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டுக்கு முதன்முறை செல்லும் குடும்பச் சேவை மைய ஊழியர், வருமானம், வாடகைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளி வருகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவது உண்டு. அவை தேவையான விவரங்களே. ஆனால், அந்த வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் வயதில் எதனோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த எட்டு உளச்சமூக வளர்ச்சி நிலைகள், அதாவது குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் எதிர்கொள்ளும் உள்மோதல்கள், அதற்குக் கைகொடுக்கும்.

முதலில், குடும்ப வரைபடத்தில் ஒவ்வொருவரின் வயதுக்கும் அருகே அவரது நிலையை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஈரறை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 68 வயதுப் பாட்டி, இரவில் துப்புரவு வேலைக்குச் செல்லும் 34 வயதுத் தாய், 14 வயது மகன், 8 வயது மகள், 10 மாதக் கைக்குழந்தை.

கைக்குழந்தையின் நிலை நம்பிக்கையா, அவநம்பிக்கையா என்பது. இதற்குத் தாய் இரவில் வீட்டில் இல்லை என்பதைக் குறையாக எழுதுவது அவசரம். குழந்தைக்கு வேண்டியது மாறாத பராமரிப்பு. ஆகவே, "குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்பதைவிட, "ராத்திரி அழுதால் யார் எழுந்திருப்பீர்கள், பாட்டி?" என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் இரண்டு நிலைகள் ஒரே நேரத்தில் புலப்படும். பேரக்குழந்தையின் நம்பிக்கைக்கு அடித்தளமாக இருக்கும் அதே பணி, தம் வாழ்க்கை வீண்போகவில்லை என்ற நிறைவையும் அவருக்குத் தரக்கூடும். ஆனால், அவருக்கு முட்டிவலி இருந்தால் அந்த ஏற்பாடு எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எட்டு வயது மகளிடம் வீட்டுப்பாடத்தை எங்கே எழுதுகிறாள் என்று காட்டச் சொல்லுங்கள். மடக்கு மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகுதான் நோட்டுப் புத்தகம் விரிகிறது என்றால், "எனக்குக் கணக்கு வராது" என்று அவள் சொல்வதைச் சோம்பலாகக் கொள்ள முடியாது. ஊக்கத்துக்கும் தாழ்வுணர்வுக்கும் இடையிலான வயதில் இருக்கும் அவளுக்குத் தன் கையால் ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் வேண்டும். அதற்கு அமைதியான ஒரு மணி நேரமும் ஓரிடமும் வேண்டும்.

மகன் இரவு 11 மணி வரை புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், உடனே வழிதவறுகிறான் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் அவனுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லை. மறுபுறம், தம்பியைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகிறான், ஆங்கிலக் கடிதங்களைப் பாட்டிக்கு மொழிபெயர்க்கிறான் என்றால், 'பொறுப்பான பிள்ளை' என்று எழுதி மகிழ்வதும் சரியல்ல. அடையாளத்துக்கும் குழப்பத்துக்கும் இடையில் தன்னைத் தேடும் வயதில் பெரியவர் வேடம் அவன்மீது ஏற்றப்பட்டிருக்கலாம்.

எரிக்சன் சொன்ன வயது வரம்புகள் தோராயமானவை. தவறவிட்ட ஒரு நிலையைப் பின்னரும் மீட்கலாம். கூட்டுக் குடும்பக் கடமையை அடையாளக் குழப்பம் என்று வாசித்துவிடும் ஆபத்தும் உண்டு. எனவே, ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் 'வட்டாரம் என்ன தருகிறது' என்று ஒரு பத்தி ஒதுக்குங்கள்: கொம்கேர் எனும் அரசாங்க நிதியுதவி, மாணவர் பராமரிப்பு நிலையம், இந்தியர் சுய உதவி அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்பு, குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்கான கிட்ஸ்டார்ட் திட்டம். அந்தப் பத்தி காலியாக இருந்தால் பிரச்சினை குடும்பத்தின் குணத்தில் இல்லை என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அறிக்கையைக் கோப்பில் சேர்க்கும் முன் தாயிடம் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "அது அப்படி இல்லை" என்று அவர் குறுக்கிடும் இடத்தில் பேனாவை எடுங்கள்.