மலைக்காற்றில் குறி எங்கே தவறுகிறது?

சமவெளியில் நன்றாகச் சுடும் பிள்ளைகள் நீலகிரிக்கு வந்து முதல் நாள் சுடும்போது துப்பாக்கியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) கழற்றி மாட்டுகிறார்கள், தோட்டாப் பெட்டியை மாற்றுகிறார்கள். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இருக்காது. காற்றுதான்.

.22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில், முழங்காலிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் பிரிவில். 10 மீட்டர் ஏர் ரைஃபிளைக் கூரைக்குள்ளேயே சுட்டுப் பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்குக் காற்று புதிய பாடம். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும். பக்கவாட்டில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே குண்டு ஆறேழு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த வேகம் கன்னத்தில் பட்டும் படாத அளவுதான், ஆனால் கிட்டத்தட்ட ஒரு வளையம் போய்விடுகிறது.

காற்றைக் காட்ட ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) கொடிகள் வைத்திருப்பார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு, தூரத்துக் கொடியை மட்டும் பார்ப்பது. குண்டு போய்ச் சேரும் இடம் அதுதானே என்று மனம் சொல்கிறது. உண்மை நேர்மாறு. தொடக்கத்திலேயே தள்ளப்பட்ட குண்டு, மீதித் தூரம் முழுக்க அந்தச் சாய்விலேயே போகும். ஒரே வேகக் காற்று முதல் 25 மீட்டரில் மட்டும் அடித்தால், முழுத் தூரமும் அடித்திருந்தால் வரும் விலகலில் முக்கால் பங்கு வந்துவிடும். கடைசி 25 மீட்டரில் மட்டும் அடித்தால் கால் பங்குதான். மலையில் இது இன்னும் மோசமான பொறி. சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், சுடுபவர் பள்ளத்தாக்கு ஓரத்திலும் இலக்கு மண்மேட்டின் மறைவிலும் இருந்தால், அந்தக் கோடியில் கொடி அசையாமல் தொங்கும். நம் பக்கத்தில் பள்ளத்தாக்குக் காற்று குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். போட்டி விதிப்படி 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் கொடி வைக்கிறார்கள். முதலில் 10 மீட்டர் கொடியைப் பாருங்கள்.

மரத்தை நம்பிச் சுடுவதும் அப்படித்தான். தைலமர உச்சியும் சில்வர் ஓக் உச்சியும் ஆடுவது உங்கள் குண்டு போகும் உயரத்துக் காற்று இல்லை. ஆனால் காதைத் தீட்டி வையுங்கள்: மேட்டில் மரங்கள் இரைகிற சத்தம், சில விநாடிகளில் வரப்போகும் வீச்சை முன்கூட்டியே சொல்லும்.

அப்புறம் நேரம். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். மாலையில் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே வழியும். காலை 8 மணிக்கு வைத்த சைட் 11 மணிக்குப் பொய்யாகிவிடும். இடையில் காற்று திசை மாறும் அரை மணி நேரம் மிகக் குழப்பமானது, கொடிகள் ஆளுக்கொரு பக்கம் காட்டும். ஆடி மாதம் உதகைப் பக்கம் மேற்கிலிருந்து பருவக்காற்று வலுத்து வீசும்போது இந்தக் கணக்கே அடிபட்டுப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூடுபனியில் நனைந்த கொடி பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. துணி ஈரத்தில் கனத்துவிட்டால், காய்ந்த கொடியை நன்றாகத் தூக்கும் காற்றுகூட அதை லேசாகத்தான் அசைக்கும். ‘காற்றே இல்லை’ என்று சுட்டு எட்டு வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த காலையில் குண்டுகள் மொத்தமாகக் கீழே விழுந்தால் அதைக் காற்றின் தலையில் போடாதீர்கள். குளிரில் தோட்டாவின் வெடிமருந்து மெதுவாக எரிவதால் குண்டின் வேகம் குறையும்.

சாய்வாக வரும் காற்றைப் பலரும் ‘பாதி’ என்று கணக்குப் போடுகிறார்கள். சுடும் கோட்டுக்கு 45 பாகையில் வரும் காற்றுக்குப் பக்கவாட்டுப் பலம் பத்தில் ஏழு. 30 பாகையில்தான் சரிபாதி. இன்னொன்று, காற்று பக்கவாட்டில் மட்டும் தள்ளாது. குண்டை வலப்புறமாகச் சுழற்றி அனுப்பும் குழலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கமாகக் கொஞ்சம் மேலேயும், இடமிருந்து வருவது வலப்பக்கமாகக் கொஞ்சம் கீழேயும் கொண்டுபோகும். கடிகார முகத்தில் 10க்கும் 4க்கும் இடையே உங்கள் குண்டுகள் சாய்கோடு போட்டால் அது காற்றின் கையெழுத்து, உங்கள் கை நடுக்கம் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகப் புள்ளிகளைத் தின்பது, ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருப்புவது. ஒன்பது வலப்பக்கம் விழுந்தது, உடனே சைட்டின் திருகில் இடப்பக்கம் இரண்டு கிளிக். அதற்குள் காற்று நின்றுவிட்டது, இப்போது இடப்பக்கம் ஒன்பது. இப்படித் துரத்திக்கொண்டே அறுபது குண்டும் தீர்ந்துவிடும். அன்று அடிக்கடி திரும்பி வரும் காற்று எது என்று பயிற்சிக் குண்டுகளின்போதே கண்டுபிடித்து, அதற்குச் சைட்டை வையுங்கள். கொடி அந்த நிலைக்கு வரும்போது மட்டும் சுடுங்கள். வேறு மாதிரி வந்தால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் காத்திருங்கள். மூன்று நிலைகளிலும் சேர்த்து 60 குண்டுக்கு 90 நிமிடம் தருகிறார்கள். நிலை மாறும் நேரம் அதில் அடங்கினாலும் காத்திருக்க இடமுண்டு.

இதற்குப் பயிற்சி எடுக்கத் தோட்டா செலவழிக்க வேண்டியதில்லை. ரேஞ்சில் யாரும் சுடாத நேரத்தில், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கி இல்லாமல் சுடும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு கொடிகளின் நிலையையும் நோட்டில் அம்புக்குறியாகப் போடுங்கள். நாலைந்து நாளில் அந்த ரேஞ்சின் காற்று எத்தனை வகை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அந்த நோட்டிலேயே தெரியும்.