வெயிலில் நின்று, ஆறியதும் ஓடும் பைக்: பழுது தேடும்போது நடக்கும் தவறுகள்

காலையில் ஒரே கிக்கில் எடுக்கும். பதினைந்து இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். மதிய வெயிலில் திடீரென அணைந்துவிடும். எத்தனை உதைத்தாலும் எடுக்காது. நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் இருபது நிமிடம் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். 100 முதல் 150 சிசி வரையிலான, காற்றில் குளிரும் எஞ்சின் கொண்ட வண்டிகளில் கத்திரி வெயில் நாட்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. பிளக், காயில், சிடிஐ (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி), கார்பரேட்டர் என்று வரிசையாகப் பணம் போன பிறகும் வண்டி மறுபடி நிற்கும்.

அந்தப் பழுது கண்ணில் படுவது, வண்டி நின்ற முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் மட்டும்தான். எஞ்சின் ஆறிவிட்டால் எந்த மெக்கானிக்காலும் அதைப் பார்க்க முடியாது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த நிமிடங்களை வீணாக்குவதால் வருபவை.

ஆறும்வரை காத்திருப்பது

வண்டி நின்றதும் நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறோம். ஊர் வந்து சேர அது போதும், பழுதைக் கண்டுபிடிக்க உதவாது. ஓரமாக நிறுத்தியவுடனே மூன்று சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். வழக்கமான எதிர்ப்பு இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகக் காலியாக இறங்கினால் வால்வு சரியாக உட்காரவில்லை. இறுகி அசைய மறுத்தால் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. உதைக்காதீர்கள், ஆறவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள்.

அடுத்தது ஸ்பார்க். சீட்டுக்கு அடியில் ஒரு நல்ல பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும். வண்டியில் உள்ள பிளக்கைக் கழற்றவே வேண்டாம்; பிளக் கேப்பை உருவி உதிரி பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் தலையில் அழுத்தி வைத்து உதையுங்கள். வெயிலில் ஸ்பார்க் கண்ணுக்குத் தெரியாது, உடம்பால் மறைத்துப் பார்க்க வேண்டும். நீலமாக ‘டப் டப்’ என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் அது தேறவில்லை. வெளியே திறந்த காற்றில் தாண்டும் ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் 6 மில்லிமீட்டர் தாண்டுகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. கேப்பை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு உதைப்பது மட்டும் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலையும் சிடிஐயையும் உள்ளேயே கெடுத்துவிடும்.

மூன்றாவது பெட்ரோல். ஸ்பார்க் சோதனையை முழுதாக முடித்து, கேப்பைத் திரும்ப மாட்டிய பிறகே இதைத் தொட வேண்டும். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குழாயின் முனையைச் சின்ன பாட்டிலில் பிடியுங்கள். சூடான சைலன்சரில் ஒரு சொட்டும் விழக் கூடாது. கிண்ணத்தில் இருப்பது வடிந்த பிறகும் சீராக ஓடிக்கொண்டிருந்தால் டேங்கிலிருந்து வரத்து சரி. வேகமாக வந்து, சொட்டாகி, நின்றுவிட்டால் டேங்க் மூடியைத் திறங்கள். உடனே ஓட்டம் மீண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மீளாவிட்டால் பெட்ரோல் காக்கின் வலை, ஃபில்டர், மடங்கிய ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

நின்றதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் கழித்து வண்டி எடுத்ததும் “மூடிதான் காரணம்” என்று முடிவு கட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் காயிலும் ஆறியிருக்கும். எதனால் எடுத்தது என்று சொல்லவே முடியாது.

எல்லாவற்றையும் வெயில் தலையில் போடுவது

அரை மணி நேரம் ஓட்டினால் நிற்கும் வண்டி சூட்டால்தான் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நேரத்தாலும் நிற்கலாம். மூடித் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து ஓட்டம் தடைபடும். அதற்கும் பத்து இருபது நிமிடம் ஆகும். நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி எடுக்கும். பார்ப்பதற்கு அப்படியே சூட்டுப் பழுது.

பிரித்தறிய எளிய வழி, விடியற்காலை ஐந்து மணிக்கு அதே தூரம் ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் அதே கிலோமீட்டரில் நின்றால் வெயிலை விட்டுவிடுங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதும் துப்பு. டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே உள்ள காற்றிடம் கொஞ்சம்தான். சிறிது பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் சட்டென்று குறையும். ஆகவே ஃபுல் டேங்கில் சீக்கிரம் நின்று, பாதி டேங்கில் அதிக தூரம் போனால் மூடித் துளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். டேங்க் உறையோ பையோ அந்தத் துளையை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்படி நின்றது என்பதைக் கவனிக்காமல் விடுவது

சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இழுவை குறைந்து, இழுத்து விட்டு, தடுமாறி நின்றால் பெட்ரோல் பக்கம். கார்பரேட்டர் வண்டி தடுமாறத் தொடங்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஒரு கணம் உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே அதிகம் போகிறது.

ஓடும்போது நிற்பதும், டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காததும் வேறு வேறு பழுதுகள். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, சிலிண்டரின் சூடு கார்பரேட்டருக்கு ஏறும். பெட்ரோலின் லேசான பகுதிகள் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்குபவை; கிண்ணத்தில் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்திருக்கும். இந்த நேரத்தில் சோக் போடுவது நிலைமையைக் கெடுக்கும். சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து நாலைந்து உதை உதைத்தால் அதிகப்படி பெட்ரோல் வெளியேறி எடுத்துவிடும். அடிக்கடி நடந்தால் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கெட்டியான இன்சுலேட்டர் துண்டு வெடித்திருக்கிறதா, ஃப்ளோட் அளவு (கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்ந்த காயிலை அளந்து “நல்லா இருக்கு” என்பது

ஸ்பார்க் இல்லை என்று உறுதியானால் சந்தேகப் பட்டியலில் முதலில் வர வேண்டியது மேக்னெட் பக்கம் உள்ள, எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குக் குறிப்புத் தரும் பல்ஸர் காயில். எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்திருப்பது அது. உள்ளே முடிபோன்ற செம்புக் கம்பியில் நுண்ணிய முறிவு இருந்தால், சூட்டில் விரியும்போது இடைவெளி திறக்கும், ஆறினால் மீண்டும் ஒட்டும். மறுநாள் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் சரியான அளவைத்தான் காட்டும்.

ஆகவே சூடாக இருக்கும்போதே கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பானை) கழற்றி அளக்க வேண்டும். அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இங்கே எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 200 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் சுமார் 260 ஓம் காட்டுவது இயல்பு. இந்த உயர்வைப் பார்த்து நல்ல காயிலைத் தூக்கி எறிகிறார்கள். பழுது என்றால் மீட்டர் எண்ணே காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டும், அல்லது எண் ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கும், அல்லது குளிரில் இருந்ததைவிடக் கீழே விழும். சூட்டில் தடை குறைவது, உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு அடையாளம்.

சாலையில் அளக்க முடியாதென்றால் வீட்டில் சூடாக்கலாம். எஞ்சின் ஓடும்போது தலைமுடி உலர்த்தும் டிரையரால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை நான்கைந்து நிமிடம் சூடாக்குங்கள்: முதலில் சிடிஐ, அது ஆறியபின் எச்டி காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது). எதைச் சூடாக்கும்போது மிஸ்ஸிங் வருகிறதோ அது குற்றவாளி. பெட்ரோல் கசிவு உள்ள வண்டியில் இந்தச் சோதனை கூடாது. ஹீட் கன் வேண்டாம், நல்ல சிடிஐயும் உருகிவிடும்.

நின்ற எஞ்சினை ஆற்ற அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சூடான அலுமினியம் ஒரே பக்கம் சட்டென்று சுருங்கினால் கோணலாகலாம், விரிசல் விடலாம். பிளக் கேப்புக்குள் நீர் போனால் புதிதாக இன்னொரு பழுது சேரும்.

மூன்று பாகத்தை ஒரே நாளில் மாற்றுவது

இதைத்தான் கொஞ்சம் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக், காயில், சிடிஐ மூன்றையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது; சரியாகாவிட்டால் புதிதாகப் போட்டதில் ஒன்று மட்டமானதா என்ற சந்தேகமும் சேரும். ஒன்றை மாற்றி, அதே வெயிலில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. கழற்றிய பாகத்தைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

பிளக் மாற்றும்போது எண்ணில் ஏமாறுவது தனிக் கதை. என்ஜிகே பிளக்கில் வெப்ப எண் பெரிதானால் அது குளிர்ச்சியான வகை. பாஷ் பிளக்கில் எண் பெரிதானால் சூடான வகை. ஒரு கம்பெனியின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டு, கோடையில் சூடான பிளக் மாட்டிவிட்டால் பிஸ்டன் தலைக்கே ஆபத்து. மேனுவலில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

டேப்பெட்டை மறப்பது

சத்தம் வருகிறது என்று டேப்பெட்டை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை) இறுக்கியபின் தொடங்கும் வெயில் தொல்லைகள் நிறைய. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், ஐட்லிங் நிற்காது, சூடாக இருக்கையில் எடுக்காது. இடைவெளியை ஓட்டி வந்தவுடன் அளக்கக் கூடாது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷன் முடியும் மேல் நிலையில் இருக்கும்போது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், காதால் கேட்டுச் சரிசெய்யும் விஷயமல்ல.

பிஎஸ்6 வண்டிகளில்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன் வகை. மேலே சொன்ன வடிகால், சோக் சோதனைகள் இவற்றுக்குப் பொருந்தாது. எரிபொருள் குழாயில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், சாலையோரத்தில் கழற்றவே கூடாது. சாவியைப் போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு நொடி ‘உய்ங்’ என்று பம்ப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் பம்ப், ரிலே, ஃப்யூஸ், ஸ்டாண்ட் சுவிட்ச் என்று தேடலாம். பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் வண்டிகளில் தேய்ந்த பம்ப் மதிய வெயிலில் முதலில் கைவிடும்.

எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் பேட்டரி வயரைக் கழற்றி ‘ரீசெட்’ செய்யாதீர்கள். பழுதுக் குறியீட்டைப் படித்து எழுதிக்கொண்ட பிறகு என்னவும் செய்யலாம். பேட்டரி முனைகளில், எஞ்சின் சூடாக 4000 முதல் 5000 ஆர்பிஎம்மில் ஓடும்போது 13.5 முதல் 14.8 வோல்ட் இருக்க வேண்டும். குளிரில் சரியாக இருந்து சூட்டில் 12.5க்குக் கீழே இறங்கினால், சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதன் கப்ளரையும் தொட்டுப் பாருங்கள். பழுப்பேறிய, உருகிய கப்ளர் முனைகள் அங்கேதான் அதிகம் அகப்படும்.

சரியாகிவிட்டது என்று அவசரப்படுவது

பாகத்தை மாற்றி, மாலை ஆறு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து வண்டியைக் கொடுப்பது சோதனை ஆகாது. நின்ற அதே வேளையில், அதே பெட்ரோல் அளவில், அதே பாதையில், வழக்கமாக நின்ற தூரத்தைப்போல இரண்டு மடங்கு, இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவே பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் உதிரி பிளக் சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும். நின்றால் நேரம், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஸ்பார்க் இருந்ததா இல்லையா என்ற நான்கையும் போனில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.